வாஷ்கேர் லேபிள் பார்த்தவன் பிஸ்கட் லேபிள் பார்க்காத கதை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 17 வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது வந்த ஆர்டரைச் சொன்னபடி முடித்து அனுப்புகிறவனாக இருக்கிறேன். என் வேலையில் பாதி லேபிள்தான். டி-ஷர்ட்டின் உள்பக்கத் தையலில் ஒரு சின்ன வெள்ளை நாடா தொங்குமே, 95% காட்டன், 5% எலாஸ்டேன், 30 டிகிரியில் துவைக்கவும் என்று எழுதி, அதுதான் வாஷ்கேர் லேபிள். அதில் ஒரு எண் தப்பினாலும் பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர், சரக்கை எடுக்க மாட்டார். ஒருமுறை 5 என்பது 3 என்று அச்சாகி வந்துவிட்டது. பேக் ஆகியிருந்த 6,000 பீஸையும் பெட்டி பிரித்து, பழைய லேபிளை அறுத்து, புதியதை வைத்துத் தைத்து முடிக்கும்வரை இரண்டு ராத்திரி கம்பெனியிலேயே படுத்துக் கிடந்தோம். இப்படி எண்ணுக்கு எண் பார்க்கிறவன், வாய்க்குள் போகிற பொருளின் லேபிளை 14 மாதம் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் கையைவிட்டுப் போனது 47,600 ரூபாய். கைக்கு வந்தது தினம் இரண்டு மாத்திரை. அப்போது யாராவது பாக்கெட்டைத் திருப்பிக் காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்தது நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

2023 ஜனவரியில் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஓசிதானே என்று கையை நீட்டினேன். மூன்றாம் நாள் காகிதம் வந்தது. எச்பிஏ1சி 5.9. போன இரண்டு மூன்று மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் கணக்கு அது. 5.7-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி, 6.5 என்றால் உள்ளே வந்துவிட்டோம். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். என் அப்பாவுக்கு சர்க்கரையால் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அந்தப் புண்ணுக்கு அம்மா காலையும் மாலையும் கட்டு மாற்றியது வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. அந்த வீட்டுக்குள் மறுபடி அந்தச் சொல்லைக் கொண்டுபோக மனசு வரவில்லை. மறைப்பதும் சுலபமாக இருந்தது. வீடு கோபிச்செட்டிபாளையத்தில், எங்களுக்குக் கோபி. ஷிப்மென்ட் நெருக்கடியால் வாரம் முழுக்க நான் திருப்பூர் பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு ரூமில். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் திங்கள் காலை திரும்பிவிடுவேன். காகிதத்தை மடித்து லேப்டாப் பையின் அடியில் வைத்தேன்.

அப்புறம் நானே வைத்தியம் ஆரம்பித்தேன். டீக்குச் சர்க்கரையை நிறுத்தினேன். மெஸ் பரோட்டாவையும், சாயங்காலம் பேக்கரியில் தின்னும் பப்ஸையும் தேங்காய் பன்னையும் விட்டேன். திருப்பூரில் வேலை செய்பவனுக்குப் பேக்கரியை விடுவது என்பது பாதி நண்பர்களை விடுவது. அதற்கு ஈடாக ரூமுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் "ஹெல்த்" என்று தனியாக ஒரு அலமாரி இருந்தது, அங்கே போய் நின்றேன். அங்கிருந்த பையன், "அண்ணா, இது சுகர் இருக்கறவங்களுக்குன்னே வந்திருக்குதுங்க, நல்லாப் போவுதுங்க" என்று எடுத்து எடுத்துக் கொடுத்தான். ராகி படம் போட்ட பானப் பொடி, தேன் கலந்த மியூஸ்லி என்ற ஓட்ஸ் கலவை, பழுப்பு ரொட்டி, சர்க்கரை இல்லாத பிஸ்கட், மசாலா ஓட்ஸ், டயட் மிக்சர், "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய பழச்சாறு. எல்லாப் பாக்கெட்டிலும் பச்சை இலையோ, கதிரோ, ஓடுகிற ஒரு ஆளோ இருந்தான். மாதம் சராசரியாக 3,400 ரூபாய். மெஸ் காசைவிட அதிகம்தான். "உடம்புக்குத்தானே" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த 14 மாதமும் எனக்குக் கொஞ்சம் திமிர் கூட இருந்தது. பக்கத்து சீட்டில் பஜ்ஜி தின்கிறவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பேன்.

2024 மார்ச்சில் ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டி வந்தது. மத்தியானம் பின்மண்டையில் ஒரு வலி. ஒரு கிளினிக்கில் போய்ப் பரிசோதித்தேன். எச்பிஏ1சி 6.7, ரத்த அழுத்தம் 148/94. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பரிட்சையில் முதல் ரேங்க் எடுத்த பிள்ளை மாதிரி முழுப் பட்டியலையும் ஒப்பித்தேன். அவர் எழுதிக்கொண்டே, நிமிராமல், "பாக்கெட்ல வர்றதக் குறைங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே இன்னும் 20 பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. பஜ்ஜி தின்கிறவன் நன்றாக இருக்கிறான், காசைக் கொட்டி நல்லதாக வாங்கித் தின்ற எனக்கு ஏன் ஏறியது?

அன்று ராத்திரி ரூமில் எல்லாப் பாக்கெட்டையும் தரையில் பரப்பினேன். எழுத்து கடுகு மாதிரி இருந்தது. பையில் துணியின் இழையை எண்ணிப் பார்க்கும் லென்ஸ் கிடந்தது. துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற) எடை பார்க்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசும் அன்று தற்செயலாகக் கூட இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு, முதல்முறையாகப் பாக்கெட்டின் முதுகைப் படித்தேன். முடிக்கும்போது மணி இரண்டு.

முதலில் ராகி பானம். முன்னால் கை நிறைய ராகிக் கதிர். பின்னால் பொருட்களின் பட்டியலில் முதலாவதாக இருந்தது சர்க்கரை. அடுத்து மால்ட் சாறு, பால் பொடி. அதற்கும் பிறகுதான் ராகி, பக்கத்தில் அடைப்புக்குறியில் 11%. நம் நாட்டுச் சட்டப்படி எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், பிறகு இறங்குவரிசை. துணி லேபிளிலும் இதே கதைதான், 95% முதலில், 5% பிறகு. 17 வருடம் பார்த்த வரிசை, பிஸ்கட்டில் மட்டும் தெரியாமல் போனது. அந்த 11% என்பதும் கம்பெனி நல்ல மனசோடு எழுதியதில்லை. ஒரு பொருளைப் படமாகவோ சொல்லாகவோ முன்னால் காட்டி விற்றால், அது எத்தனை சதவீதம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே முன்னால் கதிரைப் பார்த்தால், பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைத் தேடுங்கள். பாதாம், தேன், கம்பு, தினை, எது போட்டிருந்தாலும் இதுதான் வழி. என்னிடம் இருந்த இன்னொரு பாக்கெட்டில் பாதாம் 0.3%. துணியில் அப்படி ஒரு கலவையை எழுதினால் பையர் சிரிப்பார்.

அடுத்தது தராசு சொன்ன பாடம். இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த ராகி பானத்தில் 100 கிராமுக்கு 52 கிராம் சர்க்கரை. ஒரு பரிமாறும் அளவு 20 கிராம் என்று போட்டு, அதற்கு ஏற்ற சின்ன எண்ணை எழுதியிருந்தார்கள். நான் வழக்கமாகப் போடும் மூன்று ஸ்பூனை, எப்போதும் போல் குவித்துப் போட்டு நிறுத்தேன். 34 கிராம். அதாவது ஒரு டம்ளரில் கிட்டத்தட்ட 18 கிராம் சர்க்கரை, காலையும் ராத்திரியும் சேர்த்து 35 கிராம். மியூஸ்லிக்கு அவர்கள் சொன்ன அளவு 30 கிராம். என் கிண்ணம் 82 கிராம் பிடித்தது. 30 கிராம் மியூஸ்லி என்பது எவ்வளவு என்று கொட்டிப் பாருங்கள், குழந்தைக்கு ஊட்டுகிற அளவுதான் வரும். சூப் பாக்கெட்டை "நான்கு பேருக்கு" என்று எழுதியிருந்தார்கள், நான் அதை இரண்டு நாளில் ஒருத்தனாகக் குடித்து முடிப்பேன். அதனால் "ஒரு பரிமாறலுக்கு" என்ற வரிசையை நான் இப்போது பார்ப்பதே இல்லை. 100 கிராம் வரிசை மட்டும்தான். இரண்டு பாக்கெட்டை ஒப்பிடுவதற்கும் அது ஒன்றுதான் நேர்மையான அளவு, ஏனென்றால் பரிமாறும் அளவை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைக்கிறது. அதன் பக்கத்தில் "ஆர்டிஏ சதவீதம்" (ஒரு நாளுக்குப் பரிந்துரைத்த அளவில் எத்தனை சதவீதம்) என்று இருப்பது, நாளுக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடும் சராசரி ஆளுக்கான கணக்கு. அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். இந்த எண்கள் வரை போகலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இதைத் தாண்டக் கூடாது என்றுதான் படிக்க வேண்டும். சர்க்கரை இருப்பவனுக்கு 50 கிராம் என்பதே அதிகம்.

மியூஸ்லியில் ஒரு கைவேலை இருந்தது. பட்டியலில் முதலில் ஓட்ஸ், பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு படித்துக்கொண்டே போனால் சர்க்கரை, கொஞ்சம் தள்ளி லிக்விட் குளுக்கோஸ், அப்புறம் தேன், கடைசியில் மால்டோடெக்ஸ்ட்ரின். நாலும் சர்க்கரைப் பங்காளிகள்தான். எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதியிருந்தால் அது பட்டியலில் இன்னும் மேலே ஏறியிருக்கும், நாலாகப் பிரித்ததால் ஒவ்வொன்றும் கீழே பதுங்கிக்கொண்டது. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப், குளுக்கோஸ் சிரப், மால்ட் சாறு, பழச்சாறு கான்சென்ட்ரேட், ஜாக்கரி (வெல்லம்) என்று எதைக் கண்டாலும் ஒரு கையில் விரல் மடக்கி எண்ணுங்கள். மூன்று விரல் மடங்கினால் நான் பாக்கெட்டை வைத்துவிடுகிறேன். மால்டோடெக்ஸ்ட்ரின் தனியாகச் சொல்ல வேண்டியது. அது இனிக்காது, சட்டப்படி சர்க்கரை வரிசையிலும் பெரும்பாலும் வராது, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமானது.

பழச்சாறு என்னை ஏமாற்றவில்லை, நான்தான் சரியாகப் படிக்கவில்லை. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்றால் வெளியிலிருந்து போடவில்லை என்று மட்டும் அர்த்தம். பழத்திலிருந்து வந்த சர்க்கரை அப்படியே இருக்கும், பழத்தின் நார் மட்டும் இருக்காது. 100 மில்லிக்கு 11.5 கிராம் என்று பின்னால் தெளிவாகவே போட்டிருந்தார்கள். நான் காலையில் குடித்த 200 மில்லியில் 23 கிராம். ஊட்டச்சத்துப் பட்டியலில் "மொத்த சர்க்கரை", "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்று இரண்டு வரி இருக்கும். விளம்பரம் இரண்டாவது வரியைப் பற்றிப் பேசும், நம் ரத்தத்துக்கு முதல் வரிதான் தெரியும். அந்த ராத்திரி ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். பானம் 35, மியூஸ்லி 18, சாறு 23. நாளுக்கு 76 கிராம். தியாகம் செய்ததாக நினைத்த மூன்று டீச் சர்க்கரை, டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம், வெறும் 24 கிராம்தான். முன்வாசலில் ஒரு படி விட்டுவிட்டு, கொல்லைப்புறமாக மூன்று படி அளந்து போட்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. கணக்கு போட்டே சம்பளம் வாங்குகிறவன்.

சர்க்கரை இல்லாத பிஸ்கட்டுக்கு ஒரு தனிக் கதை. 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்படி எழுத முடியாது, அந்த வகையில் அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் முதலாவது மைதா, இரண்டாவது பாமாயில், மூன்றாவது மால்டிடால் என்ற இனிப்பு. மாவுச்சத்து 100 கிராமுக்கு 66 கிராம். காலை டீக்கு நாலு, சாயங்காலம் நாலு என்று நான் தின்ற எட்டு பிஸ்கட் 72 கிராம் இருந்தது, அதாவது 47 கிராம் மாவுச்சத்து, ஏறக்குறைய மூன்று நான்கு இட்லிக்குச் சமம். இட்லியாவது வயிறு நிறைந்திருக்கும். மைதா தின்றாலும் கடைசியில் ரத்தத்துக்குப் போவது குளுக்கோஸ்தான் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அதே பாக்கெட்டின் மடிப்புக்குள், மால்டிடால் மாதிரியான பாலியால்கள் வயிற்றை இளக்கலாம் என்று எச்சரிக்கையும் இருந்தது. ஒரு சனிக்கிழமை கோபி பஸ்ஸில் பசிக்கு அரைப் பாக்கெட்டை முடித்துவிட்டு, பெருமாநல்லூர் தாண்டியதிலிருந்து குன்னத்தூர் வரும்வரை நான் பட்ட பாடு எனக்கும் அந்தக் கண்டக்டருக்கும்தான் தெரியும். மெஸ் சாம்பார் மேல் பழியைப் போட்டிருந்தேன்.

பழுப்பு ரொட்டியில் முதலாவது மைதா, கோதுமைத் தவிடு 4%, நிறத்துக்குக் கேரமல். ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் நிறம், பதப்படுத்தி மாதிரியான பொருட்களுக்கு உலக அளவில் கொடுத்த எண், அது 150 என்று தொடங்கினால் கேரமல் நிறம். முழுக் கோதுமை வேண்டுமென்றால் "ஹோல் வீட்" அல்லது "ஆட்டா" என்ற சொல் முதல் இடத்தில் இருக்க வேண்டும், "ரீஃபைண்ட் வீட் ஃப்ளவர்" என்றால் மைதா. "மல்டிகிரெய்ன்" என்றால் பல தானியம் என்று மட்டும்தான் பொருள், அவை முழுத் தானியமா என்று அந்தச் சொல் சொல்லாது. நார்ச்சத்து வரியைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். 100 கிராமுக்கு 6 கிராமாவது இருந்தால்தான் நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், என் ரொட்டியில் 2.8. ஐஎன்எஸ் எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரம் எந்த எண்ணைப் பார்த்தாலும் விஷம் என்று பயந்தேன், அது வீண் பயம். 330 என்பது எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், 500 என்பது சோடா உப்பு, 322 லெசித்தின். வாட்ஸப்பில் வரும் எண் பட்டியலை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். நம்மைக் கெடுப்பது அநேகமாக எண் போட்ட பொருள் இல்லை, எல்லாருக்கும் பெயர் தெரிந்த மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் உப்பும்தான்.

உப்பு எனக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. லேபிளில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். இரண்டரையால் பெருக்கினால் உப்பு. மசாலா ஓட்ஸில் 100 கிராமுக்கு 1,020 மில்லிகிராம் சோடியம். 38 கிராம் பாக்கெட் எனக்குப் பத்தாது, இரண்டு போடுவேன். அதிலேயே 775 மில்லிகிராம், கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடவே டயட் மிக்சர், சூப், மத்தியானம் மெஸ் குழம்பு, அப்பளம். ரத்த அழுத்தம் ஏறியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. உப்பு கரிக்காவிட்டாலும் சோடியம் இருக்கும் என்பதும் புதிதாகத் தெரிந்தது. இனிப்பு பிஸ்கட்டில்கூட 300-க்கு மேல் இருந்தது, சோடா உப்பும் சோடியம்தான்.

இதையெல்லாம் நான் படித்தது ஆங்கிலத்தில். முன்பக்கம் அழகான தமிழில் "பாரம்பரியம்", "பாட்டி கைப்பக்குவம்" என்று இருக்கும், பின்பக்கம் ஆங்கிலம் அல்லது இந்தி. சட்டம் கட்டாயமாகக் கேட்பது அந்த இரண்டில் ஒன்றைத்தான், தமிழ் அவர்கள் விருப்பம். என் அம்மாவுக்குக் கிடைப்பது முன்பக்கம் மட்டும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைப் பார்த்துவிட்டு "அரசாங்க முத்திரை இருக்கு, நல்லதுதான்" என்று நானே பலமுறை நினைத்திருக்கிறேன். அது அந்தக் கம்பெனி உரிமம் வாங்கித் தொழில் செய்கிறது என்பதற்கு அடையாளம், உங்கள் சர்க்கரைக்கு நல்லது என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. பச்சைப் புள்ளியும் சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. நான் தரையில் உட்கார்ந்து படித்த அடுத்த மாதமே, 2024 ஏப்ரலில், இப்படிப்பட்ட பானப் பொடிகளை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்னது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். ஜூனில் "100% பழச்சாறு" என்ற வாசகத்தை நீக்கச் சொன்னது எஃப்எஸ்எஸ்ஏஐ. செய்தியைப் படித்தபோது சந்தோஷமாகவும் எரிச்சலாகவும் இருந்தது, 14 மாதம் முந்தியிருக்கக் கூடாதா என்று.

லேபிள் படித்த அந்த மார்ச் வாரமே கோபி போனதும் வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வெள்ளைச் சக்கரையத்தான் விட்டுப்போடு கண்ணு, நாட்டுச்சக்கரை ஒண்ணும் பண்ணாது" என்றாள். பக்கத்திலேயே கவுந்தப்பாடி. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்து நாட்டுச்சர்க்கரை போகிறது. அதைக் குறை சொன்னால் ஊரைக் குறை சொன்ன மாதிரி. ஆனால் அதுவும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கிறது என்பதற்காக ரத்தம் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காது. "மைதா இல்லை, நாட்டுச்சர்க்கரை பிஸ்கட்" என்று இப்போது வருவதிலும் 100 கிராமுக்கு 20, 25 கிராம் சர்க்கரையைப் பார்க்கிறேன். அம்மாவை இன்னும் ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. எண்ணெய் விஷயத்தில் அம்மா கட்சிதான் நான். சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போடுவது, தேங்காயில் எலும்பு இல்லை என்று போடுவது மாதிரி. எந்தச் செடி எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

என் மனைவி அழுவாள் என்று 14 மாதம் பயந்தேன். அவள் அழவில்லை. போனில் ஜிபே கணக்கைப் பார்த்து மாதம் மாதமாகக் கூட்டினேன் என்றேன், தொகையைக் கேட்டதும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, நாப்பத்தேழாயிரத்தி அறநூறு ரூபாய்க்கு எத்தன மூட்டை கம்பு வாங்கலாமுன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை. காகிதத்தை ஒளித்ததற்கு அவள் திட்டியது அடுத்த நாள்தான், அது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

இப்போது ரூமில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. சந்தையில் கம்பும் ராகியும் வாங்கி மில்லில் அரைத்து வாரத்துக்கு என்று அவள் கட்டிக் கொடுக்கிறாள். கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை. கம்பங்கூழ் என்றாலும் மாவுச்சத்துதான், சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் ஏற்றும், ஆகவே அளவு கிண்ணம் ஒன்றுதான். பாக்கெட்டை அடியோடு விட்டேன் என்று சொன்னால் பொய். ஷிப்மென்ட் நாளில் ஓட்ஸ் வேண்டியிருக்கிறது, ஆனால் மசாலா இல்லாத வெறும் ஓட்ஸ், பட்டியலில் ஒரே ஒரு சொல் இருப்பது. கடையில் நான் செய்வது இதுதான். முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, பாக்கெட்டை எடுக்கும்போதே திருப்பித்தான் எடுக்கிறேன். முதல் மூன்று பொருள், பிறகு 100 கிராம் வரிசையில் மொத்த சர்க்கரை, சோடியம், நார். சர்க்கரை 5 கிராமுக்குக் கீழே என்றால்தான் "குறைந்த சர்க்கரை" என்று எழுத அனுமதி, அதையே என் கோடாகவும் வைத்துக்கொண்டேன். முதல் மாதம் கடையில் ஒரு மணி நேரம் ஆனது, இப்போது ஒரு பொருளுக்குப் பத்து நொடி. எழுத்து சிறிதாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், லென்ஸ் வேண்டியதில்லை. கடைக்குப் பசியோடு போகாதீர்கள், பசிக்கு எழுத்து தெரியாது. 2024 அக்டோபரில் எச்பிஏ1சி 6.1, அழுத்தம் 132/84. இதில் மாத்திரைக்கும், சாயங்காலம் நடக்கும் 40 நிமிடத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மாத்திரையை நான் நிறுத்தவில்லை, இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட வேண்டாம்.

போன மாதம் ஒரு சின்னச் சறுக்கல். ஒரு கம்பு அவல் பாக்கெட், மூன்று முறை படித்துச் சரி என்று முடிவு செய்து, ஆறு மாதமாக வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போட்டுவிட்டேன். ரூமில் கிளறித் தின்றால் நாக்கில் ஒரு தித்திப்பு. திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் அதே படம், அதே நிறம், ஓரத்தில் "புதிய சுவை" என்று ஒரு மஞ்சள் வட்டம் மட்டும் கூட. பின்னால் இரண்டாவது இடத்தில் ஜாக்கரி, 100 கிராமுக்குச் சர்க்கரை 3-லிருந்து 14 ஆகியிருந்தது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு, ஒப்புதல் கொடுத்த சாம்பிள் ஒன்று, பல்க்கில் வந்தது வேறொன்று. பையராக இருந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியிருப்பார். நான் 90 ரூபாய் பாக்கெட்டைப் பக்கத்து ரூம் பையன்களுக்குக் கொடுத்தேன். ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா என்றார்கள்.